ஸ்பிரேயா, பஞ்சா? ரிவஸ்டன் வீதியில் ஓடும் டயருக்கு எது நல்லது

மாத்தளையிலிருந்து இரத்தோட்டை வழியாக லக்கலவுக்குப் போகும் வீதி ஒரே பயணத்தில் இரண்டு காலநிலைகளைக் காட்டிவிடும். ரிவஸ்டன் வரை ஏறும்போது மூடுபனி, காற்று, தூறல். மலையைத் தாண்டி இல்லுக்கும்புறப் பக்கம் இறங்கினால் பிட்டவல பத்தனையின் புல்வெளியும் வெயிலும். அதற்கும் கீழே பல்லேகமப் பள்ளத்தாக்கில் நல்ல சூடு. காலையில் ஈரத் தாரில் கொண்டை ஊசி வளைவு எடுக்கும் அதே டயர், மதியம் மணல் சிதறிய இறக்கத்தில் பிரேக் பிடிக்கிறது. பிறகு வெட்டவெளியில் நின்று காய்கிறது. டயருக்கு மினுக்கம் ஏற்றுவது பற்றிப் பேச இதைவிடப் பொருத்தமான வீதி எனக்குத் தெரியாது.

வாகனத்தைக் கழுவித் துடைத்தபின் டயரைக் கறுகறுவென்று ஆக்கி அனுப்புவது சேர்விஸ் நிலையங்களில் கடைசி வேலை. அதற்கு இரண்டு வழிகள் உண்டு. அழுத்தம் ஏற்றிய தகரக் குப்பியிலிருந்து ஸ்பிரே அடிப்பது ஒன்று. போத்தலில் வரும் வெள்ளைத் திரவத்தைப் பஞ்சில் ஊற்றிக் கையால் தேய்ப்பது மற்றது. விலையையும் வேகத்தையும் வைத்தே பெரும்பாலானோர் தெரிவு செய்கிறார்கள். ஆனால் இரண்டுக்கும் உள்ள உண்மையான வேறுபாடு வேறிடத்தில் இருக்கிறது: திரவம் எங்கே போய்ச் சேர்கிறது, டயரைக் கை தொடுகிறதா இல்லையா என்பதில்.

இது அலங்காரப் பேச்சு மட்டும் அல்ல. 2020 மார்ச்சில் இலங்கை வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் இருக்கிற வானையும் காரையும் லொறியையும் பேணிக் காப்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. 2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டின்போது பல வாகனங்கள் கிழமைக்கணக்கில் அசையாமல் நின்றன. அந்த நிற்றல் டயருக்கு எவ்வளவு கேடு என்பதைப் பலர் பின்னர்தான் கண்டார்கள்.

டயர் இறப்பருக்குள் மெழுகும் ஓசோனைத் தடுக்கும் இரசாயனமும் கலந்தே வருகின்றன. சக்கரம் சுழன்று இறப்பர் வளைந்து நிமிரும்போது அவை உள்ளிருந்து மெல்ல மேற்பரப்புக்கு வந்து காப்பாகப் படிகின்றன. ஓடாத டயரில் இது சரிவர நடப்பதில்லை. காற்றிலுள்ள ஓசோன் இறப்பரை வெடிக்கச் செய்கிறது. கழுவாத டயரில் தெரியும் பழுப்பு நிறத்தின் பெரும்பகுதி சேறு அல்ல. மேலே வந்து காற்றுப்பட்டு நிறம் மாறிய இதே காப்புப்பொருள்தான் அது. ஆகவே டயர் தன்னைத் தானே காத்துக்கொள்ளும் ஏற்பாட்டோடுதான் தொழிற்சாலையிலிருந்து புறப்படுகிறது. நாம் மேலே பூசுவது அந்த ஏற்பாட்டைக் கெடுக்காமல் இருக்கவேண்டும் என்பதே முதல் நிபந்தனை. மண்ணெண்ணெயும் டீசலும் பூசி டயரைக் கறுப்பாக்கும் பழைய வழக்கம் இந்த நிபந்தனையில் தோற்றுவிடுகிறது. இயற்கை இறப்பர் பெற்றோலிய எண்ணெயைக் குடித்து வீங்கும், மெழுகையும் இழக்கும். 1876இல் கியூ தோட்டத்திலிருந்து வந்த கன்றுகளை ஹெனரத்கொடவில் நட்டு இறப்பர் வளர்த்த நாட்டில் இது எல்லோருக்கும் தெரிந்திருக்கவேண்டிய பாடம்.

இப்போது ஸ்பிரேக்கு வருவோம். குப்பிக்குள் இருப்பவை பெரும்பாலும் மூன்று: சிலிக்கன் எண்ணெய், அதைக் கரைத்து வைத்திருக்கும் பெற்றோலியக் கரைப்பான், வெளியே தள்ளும் வாயு. பொத்தானை அழுத்தியதும் வாயு விரிந்து கலவையை நுண்துளிகளாக உடைத்துத் தள்ளுகிறது. கரைப்பான் காற்றில் பறந்துவிட, சிலிக்கன் மட்டும் டயரில் ஈரம் போன்ற பளபளப்போடு தங்குகிறது. இத்தகைய குப்பிகளில் ஒரு காலத்தில் குளோரோபுளோரோகாபன் இருந்தது. அது ஓசோன் படலத்தை அழிக்கும் என்று மொலினாவும் ரோலண்டும் 1974இல் எழுதினார்கள். 1987இல் மொன்றியல் உடன்படிக்கை வந்தது. இலங்கை 1989இல் அதை ஏற்றது. இன்று அந்த இடத்தில் புரப்பேனும் பியூட்டேனும் இருக்கின்றன, அதாவது நம் சமையலறைச் சிலிண்டரில் இருக்கும் வாயுவின் இனம். எரியும் பொருள் என்பதை மறக்கக் கூடாது. குப்பியை 50 பாகைக்கு மேல் சூடேற விடாதீர்கள் என்று அதன் மேலேயே அச்சிட்டிருப்பார்கள். பல்லேகம வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய வானின் டேஷ்போர்ட் அந்தச் சூட்டை எளிதில் தாண்டும்.

நுரையாக வரும் ஸ்பிரேயும் உண்டு. அது தண்ணீரை அடிப்படையாகக் கொண்டது. டயரில் ஒட்டி வழிந்து அழுக்கையும் கொஞ்சம் இறக்கிவிட்டுக் காயும். பளபளப்பு குறைவு, தீங்கும் குறைவு. இரண்டையும் ஒன்றாக எண்ணிவிடக் கூடாது. கடையில் வாங்கும்போது குப்பியின் பின்பக்கத்தைப் படித்துப் பார்த்தால் எது எது என்று தெரியும்.

போத்தல் திரவத்திலும் இருப்பது சிலிக்கன்தான். ஆனால் அது தண்ணீரில் நுண்துளிகளாகக் கலக்கப்பட்டிருக்கிறது. கரைப்பான் இல்லாததால் மூக்கை அரிக்கும் வாடை இல்லை. காய்ந்தபின் புது டயரின் இயல்பான கருமை வரும், கண்ணாடிப் பளபளப்பு வராது. இங்கேதான் பல வாடிக்கையாளர்கள் ஏமாற்றம் அடைகிறார்கள். “தம்பி, நல்லா மினுங்கணும்” என்று சொல்லி நிற்பவருக்கு அடக்கமான கருமை போதாது. சேர்விஸ் நிலையத்துப் பையன்களும் வேறு வழியில்லாமல் ஸ்பிரேயை எடுக்கிறார்கள்.

அந்த மினுக்கத்துக்குக் கொடுக்கும் விலையைப் பார்ப்போம். ஸ்பிரே ஒரு நேர்கோட்டில் போவதில்லை, விசிறியாக விரிகிறது. ரிவஸ்டன் பக்கம் வீசும் காற்றில் அது டயரில் விழுவதைவிட வெளியே விழுவது அதிகம். அலோய் சக்கரத்தின் கம்பிகளுக்கு இடையே புகுந்து பிரேக் டிஸ்க்கில் படிகிறது. சிலிக்கன் வழுக்குவதற்கே பெயர்போன பொருள். டிஸ்க்கில் படிந்தது பிரேக் பேட்டுக்கும் போகும். மிதித்த மிதிக்கு ஏற்ற பிடி கிடைக்காது. சமதரையில் மெதுவாக உருட்டிப் பிரேக் பிடித்துப் பார்க்க இடமுண்டு. ரிவஸ்டனிலிருந்து இல்லுக்கும்புறவுக்கு இறங்கும் வீதியில், ஒரு பக்கம் மலையும் மறு பக்கம் பள்ளமும் இருக்கும்போது, அந்தச் சோதனையைச் செய்ய இடமில்லை. டயரின் தரைபடும் பகுதியில் விழுந்த துளியும் அப்படித்தான். ஈரத் தாரும் சிலிக்கனும் சேர்ந்தால் முதல் சில வளைவுகள் ஆபத்தானவை.

வண்ணப்பூச்சுக்கும் கேடு உண்டு. மட்கார்ட் விளிம்பில் படிந்த சிலிக்கன் கண்ணுக்குத் தெரியாது, கழுவினாலும் எளிதில் போகாது. பழைய வாகனங்களுக்கு அடிக்கடி டிங்கரிங் வேலை நடக்கும் நாட்டில் இது சிறிய விஷயம் அல்ல. சிலிக்கன் பட்ட இடத்தில் புது பெயின்ட் ஒட்டாமல் விலகி வட்ட வட்டமாகக் குழி விழும். பெயின்ட் அடிப்பவர்களுக்கு இந்தக் குழிகள் நன்றாகத் தெரியும். தேய்த்து எடுத்துவிட்டு மறுபடி தொடங்கவேண்டி வரும்.

ஸ்பிரே அடித்த உடனே வண்டியை எடுத்தால் இன்னொன்று நடக்கும். சக்கரம் சுழலும் வேகத்தில் டயரிலிருந்து துளிகள் தெறித்துச் சக்கரத்துக்குப் பின்னால் கதவின் அடிப்பகுதியில் புள்ளி புள்ளியாக விழும். வீதியோரத்துத் தூசி அதில் ஒட்டிக் கறுப்புப் பிசினாகும். டயரின் கதையும் அதுவே. ஈரமாக மினுங்கும் டயர் இல்லுக்கும்புறவைத் தாண்டும் முன்பே செம்மண் பூசிக்கொள்கிறது.

பஞ்சின் வழியில் இவை எதுவும் இல்லை என்று சொல்லமாட்டேன். அளவுக்கு மிஞ்சி ஊற்றினால் அதுவும் தெறிக்கும். ஆனால் ஊற்றும் அளவும் தேய்க்கும் இடமும் நம் கையில் இருக்கின்றன. முதலில் சவர்க்கார நீரும் தடித்த தூரிகையும் கொண்டு டயரைத் தேய்க்கவேண்டும். நுரை முதலில் பழுப்பாக வரும். பழுப்பு மங்கி வெள்ளையாகும்வரை நிறுத்தக் கூடாது. கழுவி முழுக்கக் காயவிட வேண்டும். பிறகு உள்ளங்கை அளவு பஞ்சில் கொஞ்சம் திரவம் ஊற்றி, ரிம் விளிம்பிலிருந்து தொடங்கி வட்டமாகத் தேய்த்து, தரைபடும் பகுதிக்கு ஒரு விரல் அகலம் முன்னாலேயே நிறுத்த வேண்டும். கால் மணி நேரம் விட்டு உலர்ந்த துணியால் ஒருமுறை துடைத்தால் மிச்சம் போய்விடும். இன்னும் கருமை வேண்டுமென்றால் இரண்டாம் முறை மெல்லியதாகப் பூசலாம். தடிப்பாக ஒருமுறை பூசுவதைவிட மெல்லியதாக இருமுறை பூசுவதே நிற்கும்.

பஞ்சின் பெரிய நன்மை இன்னொன்று. தேய்க்கும் விரல் டயரைப் படிக்கிறது. பக்கவாட்டில் ஒரு கொப்புளம் இருந்தால் கை முதலில் உணரும். குழியிலோ கல்விளிம்பிலோ மோதி உள்ளே நூல் அறுந்ததன் அடையாளம் அது. அந்த டயரோடு மலை ஏறக் கூடாது. மயிரிழை வெடிப்புகள் பஞ்சில் சொரசொரப்பாகப் படும். எழுத்துகளின் மேல் தேய்த்துக்கொண்டு போகும்போது டொட் என்ற குறியின் கடைசியில் நான்கு இலக்கங்கள் தெரியும். 3519 என்றால் 2019ஆம் ஆண்டின் 35ஆம் கிழமையில் செய்த டயர் என்று பொருள். இறக்குமதி நின்றிருந்த காலத்தில் வாகனத்தோடு டயரும் வயதானது. அந்த நான்கு இலக்கங்களை ஒருமுறையேனும் பார்க்காத வாகனக்காரர்கள் ஏராளம்.

ஸ்பிரே இதற்கு நேர் எதிரானது. எட்ட நின்று அடிப்பதால் கை டயரைத் தொடுவதே இல்லை. அதோடு, பளபளக்கும் சிலிக்கன் வெடிப்புகளுக்குள் இறங்கி அவற்றைக் கண்ணுக்கு மறைத்துவிடுகிறது. பழைய வாகனம் வாங்கப் போகிறவர்கள் இதைக் கவனிக்கவேண்டும். டயர் அளவுக்கு மீறி மினுங்கினால் துணியால் துடைத்துவிட்டு, வெளிச்சத்தில் விரலால் தடவிப் பாருங்கள்.

இத்தனை சொன்னபின் ஸ்பிரேக்கு இடமே இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. பஞ்சு நுழையாத ஆழமான பள்ளங்கள் கொண்ட லொறி டயர், ஜீப் டயர் ஆகியவற்றின் பக்கவாட்டுக்கும், மட்கார்ட் உட்புறத்துப் பிளாஸ்டிக்குக்கும் அது உதவும். திருமணத்துக்கோ ஆயுத பூசைக்கோ ஒரு நாள் மினுக்கம் தேவைப்பட்டால் நுரை ஸ்பிரே போதும். அப்போதும் குப்பியை நேரே டயருக்குக் காட்டாமல் பஞ்சில் அடித்துப் பூசினால் பாதிக் கேடு குறையும். இதை வாகனத் துடைப்பில் தேர்ந்தவர்கள் பலர் செய்கிறார்கள். ஸ்பிரேயின் திரவமும் பஞ்சின் கட்டுப்பாடும் சேர்ந்து கிடைக்கின்றன. முகமூடி அணிந்து திறந்த வெளியில் செய்வது நல்லது. கரைப்பான் ஆவியை நாள்முழுக்கச் சுவாசிப்பவர் வாகனத்தின் சொந்தக்காரர் அல்லர், அந்தச் சேர்விஸ் நிலையத்துப் பையன்.

மோட்டார் சைக்கிள் விஷயத்தில் ஒப்பிடவே எதுவும் இல்லை. சைக்கிள் வளைவில் சாயும்போது டயரின் விளிம்பே தரையில் படுகிறது. ரிவஸ்டன் பார்க்க மாத்தளையிலிருந்து கிளம்பும் இளைஞர்களுக்கு உறுதியாகச் சொல்கிறேன்: உங்கள் டயருக்கு ஸ்பிரேயும் வேண்டாம், பஞ்சும் வேண்டாம். சவர்க்காரமும் தண்ணீரும் போதும்.

கழுவும் தண்ணீரைப் பற்றிச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. பழைய பல்லேகம நகரம் களு கங்கை நீர்த்தேக்கத்துக்கு இடம் கொடுத்தது. 2018இல் நீர் நிரப்பத் தொடங்கினார்கள். 2019இல் புதிய லக்கல நகரம் திறக்கப்பட்டது. நக்கிள்ஸ் மலைகளிலிருந்து இறங்கும் களு கங்கை அம்பன் கங்கையோடு சேர்ந்து மகாவலிக்குப் போகிறது. மார்ட்டன்ஸ்டைன் கெண்டை என்று 1991இல் அறிவியலில் பதிவான மீன் உலகில் இந்த அம்பன் கங்கைப் படுகையில் மட்டுமே வாழ்கிறது. நக்கிள்ஸ் காடு 2010 முதல் உலக மரபுரிமையின் ஒரு பகுதி. ஆனாலும் ஓடை கண்ட இடத்தில் வாகனத்தை இறக்கிக் கழுவும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது.

டயரிலிருந்து கழன்று போவது ஆற்றில் என்ன செய்யும் என்பதற்கு அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் விடை கிடைத்தது. மழைக்குப் பின் ஓடைகளில் கோஹோ சால்மன் மீன்கள் முட்டையிடும் முன்பே செத்து மிதந்தன. டயரில் சேர்க்கும் ஓசோன் தடுப்பான் காற்றுப்பட்டு மாறி உண்டாகும் ஒரு நச்சே காரணம் என்று ஆய்வாளர்கள் 2020 டிசம்பரில் அறிவித்தார்கள். நாம் தூரிகையால் தேய்த்து எடுக்கும் பழுப்பு நுரையும் அந்தத் தடுப்பானின் எச்சத்தோடுதான் ஓடுகிறது. இந்த இடத்தில் ஸ்பிரேக்கும் பஞ்சுக்கும் வேறுபாடு இல்லை. இரண்டுக்கும் முன்னால் நடக்கும் கழுவலே அதை வெளியேற்றுகிறது.

எனவே வாகனத்தை வீட்டு முற்றத்தில் மண்ணின் மேல் நிறுத்தி, வாளித் தண்ணீரில் கழுவுங்கள். அல்லது கழிவுநீரைத் தேக்கி வடிகட்டும் சேர்விஸ் நிலையத்தைத் தேடிப் போங்கள். களு கங்கைக்கோ அதற்கு நீர் கொண்டுவரும் எந்த ஓடைக்கோ சக்கரத்தை இறக்காதீர்கள்.