பம்புக்கானாவும் நம்ம பேட்டைகளும்

ஏப்ரல் 14 என்றால் நம்மவர்களுக்குச் சித்திரைத் திருநாள். தாராவியில் பாபாசாகேப் அம்பேத்கர் பிறந்தநாள் ஊர்வலமும் அன்றுதான். அதே நாளில் பைக்குல்லாவில் உள்ள தீயணைப்புப் படைத் தலைமையகத்தில், சீருடை அணிந்தவர்கள் ஒரு நினைவுச் சின்னத்தின் முன் மௌனமாகத் தலைகுனிந்து நிற்பார்கள். ஐம்பது வருஷமாக பம்பாயில் குடியிருக்கும் நம்மில் பலருக்கு இது தெரியாது. எனக்கே வெகுநாள் தெரியாது.

1944 ஏப்ரல் 12 அன்று 'ஃபோர்ட் ஸ்டிக்கின்' என்ற கப்பல் பம்பாய் விக்டோரியா டாக்கில் வந்து நின்றது. உள்ளே சுமார் 1,400 டன் வெடிபொருள், தங்கக் கட்டிகள், கராச்சியில் ஏற்றிய பஞ்சுப் பொதிகள். பஞ்சையும் வெடிமருந்தையும் ஒரே கப்பலில் அடுக்கியவர்களை என்ன சொல்வது! ஆபத்தான சரக்கு இருப்பதைக் காட்டும் சிவப்புக் கொடியும் ஏற்றப்படவில்லை. 14ஆம் தேதி மதியம் புகை தெரிந்தது. தீயணைப்பு வீரர்கள் வந்து டன் கணக்கில் தண்ணீரைப் பீய்ச்சினார்கள். தீ எந்த மூலையில் இருக்கிறது என்பது மட்டும் பிடிபடவில்லை. உள்ளே போன தண்ணீர் கொதித்தது. கப்பலை மூழ்கடிப்பதா, கடலுக்கு இழுத்துக்கொண்டு போவதா என்று அதிகாரிகள் முடிவெடுக்காமல் நின்ற அந்த இரண்டு மணி நேரமும் வீரர்கள் குழாயைக் கீழே போடவில்லை. மாலை 4 மணி 6 நிமிடத்திற்கு முதல் வெடிப்பு. அரை மணி கழித்து அதைவிடப் பெரிய இரண்டாவது வெடிப்பு. சிம்லாவில் இருந்த நில அதிர்வுக் கருவிகூட அதைப் பதிவு செய்தது.

அன்று மாண்ட தீயணைப்பு வீரர்கள் மட்டும் 66 பேர். மொத்தச் சாவு 800 என்பாரும் உண்டு, 1,300 என்பாரும் உண்டு. போர்க்காலத் தணிக்கை காரணமாக, உலகத்துக்கு முதலில் செய்தி சொன்னது ஜப்பானியர் கையில் இருந்த சைகோன் வானொலி! இடிபாடுகளை அகற்ற 8,000 பேர் ஏழு மாதம் உழைத்தார்கள். நாடு முழுவதும் ஏப்ரல் 14 முதல் 20 வரை தீயணைப்பு வாரம் கொண்டாடப்படுவது இந்த 66 பேரின் நினைவாகத்தான்.

இந்தப் படை எப்படி உருவானது? 1803 பிப்ரவரியில் கோட்டைப் பகுதியில் பிடித்த தீ, ஊரில் மூன்றில் ஒரு பங்கைத் தின்றுவிட்டது. அப்போது தீயணைப்புப் படை என்று ஒன்றும் கிடையாது. தீ பரவாமல் தடுக்க நடுவில் இருந்த வீடுகளைப் பீரங்கியால் சுட்டு இடித்தார்களாம். 1855இல் இந்த வேலை போலீஸ் தலையில் விழுந்தது. திருடனையும் பிடி, தீயையும் அணை என்கிற கதை. 1887 ஏப்ரல் 1 முதல் மாநகராட்சியின் கீழ் தனிப் படையானது. குதிரை இழுத்த வண்டிகள் போய், 1907இல் மோட்டார் வண்டி வந்தது.

ஒரு சொல்லைப் பற்றியும் இங்கே சொல்லிவிடுகிறேன். மராத்தியில் தீயணைப்பு வண்டிக்கு 'பம்ப்', நிலையத்துக்கு 'பம்ப்கானா'. நம்ம ஆட்கள் வாயில் அது பம்புக்கானா. போர்த்துக்கீசியரின் 'பொம்பா' என்ற சொல்லே இதற்கு மூலம். மலேசியாவில் தீயணைப்புத் துறைக்கு இன்றும் 'பொம்பா' என்றுதான் பெயர்; அங்குள்ள தமிழரும் அப்படித்தான் சொல்கிறார்கள். பிழைப்புக்குக் கடல் கடந்தவன் ஒருபக்கம், மும்பைக்கு ரயிலேறியவன் ஒருபக்கம். தீ பிடித்தால் இருவரும் கூப்பிடுவது ஒரே சொல்லில்!

1950 வரை பம்பாய் நகர எல்லை மாஹிம், சயானோடு முடிந்தது. செம்பூர் எல்லைக்கு வெளியே கிடந்த புறநகர். அந்த ஆண்டில்தான் புறநகருக்குள் மாநகராட்சி விரிந்தது. 1957இல் தஹிசர், முலுண்ட். படையும் கூடவே விரிய வேண்டியதாயிற்று.

நம்ம மூன்று பேட்டைகளில் மாட்டுங்கா கொடுத்து வைத்தது. 1896 பிளேக் நோய்க்குப் பிறகு காற்றும் வெளிச்சமும் வேண்டும் என்று இம்ப்ரூவ்மெண்ட் டிரஸ்ட் அகலமான தெருக்களைப் போட்டது. நோய்க்காகப் போட்ட தெரு தீயணைப்பு வண்டிக்கும் உதவுகிறது. செம்பூரின் பக்கத்தில் 1954-55இல் மாஹுல் சுத்திகரிப்பு ஆலைகள் வந்தன. ஆலைகளுக்குச் சொந்தத் தீயணைப்புப் படை உண்டு. ஆனாலும் 2018 ஆகஸ்டில் ஹைட்ரோகிராக்கர் பிரிவு வெடித்தபோது செம்பூர் வரை வீடுகள் அதிர்ந்தன. அதே ஆண்டு டிசம்பரில் திலக் நகரில் ஒரு அடுக்குமாடித் தீயில் ஐந்து பேர் இறந்தார்கள். 2024 அக்டோபரில் சித்தார்த் காலனியில், கீழே கடை மேலே வீடு என்றிருந்த கட்டடத்தில், விடியற்காலைத் தீ ஒரே குடும்பத்தில் ஏழு பேரைக் கொண்டுபோயிற்று. இறங்க இருந்தது ஒரே வழி, அது தீ வழியாக.

2006ஆம் ஆண்டு மகாராஷ்டிரத் தீத்தடுப்புச் சட்டப்படி, கட்டடத்தின் தீயணைப்புச் சாதனங்கள் வேலை செய்கின்றன என்று ஆண்டுக்கு இருமுறை, ஜனவரியிலும் ஜூலையிலும், சான்றிதழ் கொடுக்க வேண்டியது உரிமையாளர் அல்லது குடியிருப்போர் பொறுப்பு. மாட்டுங்கா, செம்பூர் சொசைட்டி செயலாளர்களில் இதைப் படிப்பவர்கள் அலமாரியைத் திறந்து கடைசிச் சான்றிதழ் எந்தத் தேதி என்று பார்க்கவும். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

தாராவி கதை வேறு. பல வருஷங்களுக்கு முன் நைன்டி ஃபீட் ரோடு பக்கம் ஒரு சந்தில் ராத்திரி தீ. "பம்பு வந்திருச்சு, பம்பு வந்திருச்சு" என்று சத்தம். வண்டி வந்ததென்னவோ உண்மை, ரோட்டிலேயே நின்றது. சந்தின் அகலம் இரண்டு ஆள் அகலம். வாசலில் ஒரு கைவண்டி, அதன் பின்னால் தண்ணீர் டிரம்கள். வீரர்கள் குழாயைத் தோளில் போட்டு ஒவ்வொரு டிரம்மாக உருட்டிக்கொண்டே உள்ளே போனார்கள். அதற்குள் பக்கத்து வீட்டுப் பெண்கள் வரிசையாக நின்று குடம் குடமாகக் கைமாற்றிப் பாதித் தீயை அணைத்துவிட்டார்கள். அந்த ராத்திரி உயிர்ச்சேதம் இல்லை. 2025 மார்ச்சில் நேச்சர் பார்க் அருகே சிலிண்டர் லாரி எரிந்து வெடித்தபோதும் யாரும் சாகவில்லை. அது நடந்தது அகலச் சாலையில். சந்துக்குள் என்றால்?

ஆபத்து வீரர்களுக்கும்தான். 2015 மே மாதம் கால்பாதேவியில் ஒரு பழைய கட்டடம் எரிந்து சரிந்தபோது தலைமை அதிகாரி சுனில் நேசரிக்கர் உட்பட நான்கு அதிகாரிகளை இழந்தோம். பெரிய அதிகாரி வெளியே நின்று உத்தரவு போட்டிருக்கலாம். உள்ளே போனார்.

தாராவி மறுசீரமைப்பு பற்றி எத்தனையோ வரைபடங்கள் வருகின்றன. யாருக்கு வீடு, எத்தனை சதுர அடி என்று எல்லோரும் கேட்கிறார்கள், கேட்க வேண்டியதுதான். நான் விரலை வைத்துத் தேடுவது தெருக்களின் அகலத்தை.