அஸ்ஹரில் ஓதிய ஒரு மாணவர்

எகிப்தின் அறிஞர் டாக்டர் தாஹா ஹுஸைன் தம் இளமை நினைவுகளை எழுதிய நூலுக்கு 'அல்-அய்யாம்' என்று பெயரிட்டார். 'நாள்கள்' என்பது பொருள். தம்மைப் பெரும்பாலும் 'நான்' என்று சொல்லாது, 'சிறுவன்' என்றும் 'நம் தோழர்' என்றும் படர்க்கையிலேயே சுட்டிச் செல்கிறார்.

1889இல் மேல் எகிப்தின் சிற்றூர் ஒன்றில் பிறந்த அவர், குழந்தைப் பருவத்திலேயே பார்வையை இழந்தார். ஒன்பது வயது நிறைவதற்குள் திருக்குர்ஆனை மனனம் செய்தார். பின்பு மறந்தும் போனார்! தந்தையார் 'ஷுஅரா' சூராவை ஓதச் சொன்னபோது, 'தாஸீம்மீம்' என்ற தொடக்கத்துக்கு அப்பால் நாவு நகரவில்லை. அடுத்தடுத்த சூராக்களும் ஏறத்தாழ அவ்வாறே தொடங்குவதை ஹாபிள்கள் அறிவர். அவர்கள் இவ்விடத்தில் புன்னகை செய்யாதிருக்க முடியாது.

1902இல் கெய்ரோ சென்றார். உடனிருந்த தமையனார் மாலையில் பாடத்துக்குப் போய்விட, அறையில் தனித்திருந்து அவர் அஞ்சிய இரவுகளைப் படிக்கும்போது நெஞ்சு கனக்கிறது. ஆனால் சுப்ஹு வேளையில் அஸ்ஹரின் முற்றத்தில் வீசும் இளங்காற்று, நெற்றியில் தாயார் தந்த முத்தத்தை அவருக்கு நினைவூட்டியதாம். சேர்க்கைத் தேர்வில் தம்மைக் 'குருடா' என்று அழைத்த தேர்வாளரையும் அவர் மறக்கவில்லை. ஓதச் சொன்னவை 'கஹ்ஃபு', 'அன்கபூத்' சூராக்கள். இம்முறை நாவு தடுமாறவில்லை.

அவர் மனம் தோய்ந்தது ஷைகு ஸய்யித் அல்-மர்ஸஃபியின் இலக்கிய வகுப்பில். அங்கே முபர்ரதின் 'அல்-காமில்' பாடம் நடந்தது. நபி (ஸல்) அவர்களின் அடக்கத்தலத்தையும் மிம்பரையும் சுற்றி வந்தோரைக் குறித்து ஹஜ்ஜாஜ் இழிவாகச் சொன்ன ஒரு சொல்லுக்காகச் சட்ட அறிஞர்கள் அவனைக் காஃபிர் என்றனர் என அக்கிதாபில் ஒரு செய்தி உண்டு. 'அது அதபுக் கேடு. குஃப்ரு அன்று' என்றார் மாணவர். புகார் அஸ்ஹரின் தலைமை ஷைகிடம் சென்றது. அவரும் தோழர் இருவரும் பெயர் நீக்கப்பட்டனர் என அறிவிக்கப்பட்டது. 'காமில்' பாடமும் நின்றது. கொதித்தெழுந்து கண்டனக் கட்டுரை ஒன்றை எழுதி, 'அல்-ஜரீதா' ஆசிரியர் லுத்ஃபி அஸ்ஸய்யிதிடம் கொண்டு போனார். அவரோ அதை வெளியிடவில்லை. இளைஞரைத் தம் நட்பில் சேர்த்துக் கொண்டார். பெயர் நீக்கம் வெறும் அச்சுறுத்தலே என்பது பின்னரே தெரிந்தது. மாணவர் சொன்னதே சரி என்பது என் கருத்து. ஒருவனை மார்க்கத்திலிருந்து வெளியேற்ற நம் இமாம்கள் எவ்வளவு தயங்கினார்கள் என்பதைக் கிதாபு ஓதியோர் அறிவர்.

1908இல் எகிப்தியப் பல்கலைக்கழகம் திறக்கப்பட்டதும் அங்கும் சேர்ந்தார். 1914இல், தம்மைப் போலவே பார்வையிழந்த கவிஞர் அபுல் அலா அல்-மஅர்ரியைப் பற்றி ஆய்ந்து டாக்டர் பட்டம் பெற்றார். பின்பு பிரான்சில் இப்னு கல்தூனைப் பற்றி மற்றோர் ஆய்வு.

1926இல் அறியாமைக் காலக் கவிதை பற்றி அவர் எழுதிய நூல் பெரும் புயலைக் கிளப்பியது. இப்ராஹீம் (அலை), இஸ்மாயீல் (அலை) ஆகியோர் வரலாறு குறித்து அதில் அவர் எழுதியதை எந்த முஸ்லிமும் ஏற்கமாட்டார், நானும் ஏற்கவில்லை. ஆயின் ஹஜ்ஜாஜுக்காக மாணவப் பருவத்தில் வாதாடியவர் மீதே இப்போது குஃப்ருக் குற்றச்சாட்டு! அல்லாஹ்வையும் வானவர்களையும் வேதங்களையும் தூதர்களையும் மறுமை நாளையும் நம்பும் முஸ்லிமே தாம் என்று பல்கலைக்கழகத் தலைவருக்கு அவர் கடிதம் எழுதினார். அத்தலைவர் வேறு யாருமல்லர், அதே லுத்ஃபி அஸ்ஸய்யித்! 1927இல் அரசு வழக்கறிஞர் வழக்கைக் கைவிட்டார். சர்ச்சைக்குரிய பகுதியை நீக்கி, நூல் வேறு பெயரில் வெளிவந்தது. நபிகளார் சரிதையைத் தழுவி அவர் எழுதிய 'அலா ஹாமிஷிஸ் ஸீரா' 1933இல் வந்தது.

1955இல் ஹிஜாஸ் சென்று மக்காவையும் மதீனாவையும் தரிசித்தார். அப்பயணத்தைப் பற்றி 'அல்-அய்யா'மில் ஒரு பக்கமும் இல்லை. மூன்றாம் பாகம், பிரான்சிலிருந்து மீண்டு பேராசிரியரான தொடக்க ஆண்டுகளோடு நின்றுவிடுகிறது.