மோரிஸ் மைனர் காரின் ஸ்டீயரிங்: தேய்மானமும் பராமரிப்பும்

மோரிஸ் மைனர் என்பது 1948ஆம் ஆண்டு முதல் 1970களின் தொடக்கம் வரை இங்கிலாந்தில் தயாரிக்கப்பட்ட சிறிய கார். இதை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் 1948இல் அறிமுகமானது. பத்து லட்சம் என்ற எண்ணிக்கையைத் தொட்ட முதல் பிரித்தானியக் கார் இதுவே. நேர்த்தியாகத் திரும்பும் ஸ்டீயரிங் இதன் பெரும் சிறப்பு. ஆனால் அந்த அமைப்பிலுள்ள ஒரு சிறிய பாகமே இதன் மிகப் பலவீனமான இடமும் ஆகும்.

பின்னணி

பழைய குதிரை வண்டிகளில் முன் அச்சு முழுவதுமே நடுவிலுள்ள ஓர் ஆணியில் சுழன்று திரும்பியது. ஒவ்வொரு சக்கரமும் தனித்தனி அச்சாணியில் திரும்பும் முறையை மியூனிக் நகரின் வண்டி வினைஞர் கியார்க் லாங்கன்ஸ்பெர்கர் உருவாக்கினார். அவருடைய லண்டன் முகவர் ருடால்ஃப் ஆக்கர்மன் 1818இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். அதனால் இன்றும் அது ஆக்கர்மன் பெயராலேயே வழங்குகிறது. கார்ல் பென்ஸ் 1886இல் செய்த முதல் காருக்கு மூன்றே சக்கரங்கள். நான்கு சக்கர வண்டியைத் திருப்பும் முறைக்கு அவர் 1893இல்தான் காப்புரிமை பெற்றார். ஒவ்வொரு முன்சக்கரமும் சுழலும் இந்த அச்சாணியே கிங் பின் எனப்படுகிறது.

அமைப்பு

மோரிஸ் மைனரில் ரேக் அண்ட் பினியன் முறை உள்ளது. ஸ்டீயரிங் தண்டின் முனையிலுள்ள சிறு பற்சக்கரம், நீண்ட பற்சட்டம் ஒன்றை இடமும் வலமும் நகர்த்தும். சட்டத்தின் இரு முனைகளிலும் உள்ள டை ராடுகள் சக்கரங்களைத் திருப்பும். இடையில் இணைப்புகள் குறைவு என்பதால் வீண் ஆட்டமும் குறைவு.

கிங் பின்னின் மேல்முனையிலும் கீழ்முனையிலும் மரை வெட்டப்பட்டிருக்கும். அந்த முனைகள் ட்ரன்னியன் எனப்படும் உலோகக் கட்டைகளுக்குள் திருகப்பட்டிருக்கும். சக்கரம் திரும்பும்போதெல்லாம் மரைக்குள் மரை சுழலும். வண்டியின் எடை டார்ஷன் பார் வழியாகக் கீழ்க் கையில் இறங்கி, கீழ் ட்ரன்னியனைக் கீழ்நோக்கி அழுத்துகிறது. தரையோ சக்கரத்தையும் கிங் பின்னையும் மேலே தள்ளுகிறது. ஆகவே பின்னை ட்ரன்னியனிலிருந்து உருவி எடுக்க முயலும் விசை எப்போதும் இருந்துகொண்டே இருக்கும். அதைத் தடுத்து நிறுத்துவது மரை மட்டுமே.

தேய்மானத்தின் காரணம்

இந்த மரைக்குக் கிரீஸ் தொடர்ந்து தேவை. அதற்காகவே கிரீஸ் நிப்பிள்கள் வைக்கப்பட்டுள்ளன. கிரீஸ் விடத் தவறினால் தண்ணீரும் மண்ணும் உள்ளே புகுந்து மரையை அரித்துவிடும். மரை முற்றிலும் தேய்ந்ததும் பின் கழன்று, முன்சக்கரம் மடங்கி, வண்டியின் மூலை தரையில் அமர்ந்துவிடும். பெரும்பாலும் மெதுவாகத் திருப்பும்போது இது நிகழ்கிறது. வேகமாகச் செல்லும்போது நிகழ்ந்தால் உயிருக்கே ஆபத்து.

குறையைக் கண்டறிதல்

ஸ்டீயரிங்கில் அதிக ஆட்டம், வண்டி ஒரு பக்கம் இழுத்தல், டயரின் ஓரம் மட்டும் தேய்தல், மேடுபள்ளத்தில் தட்டும் ஓசை ஆகியவை அறிகுறிகள். எந்தப் பாகம் தேய்ந்தது என்பதைப் படிப்படியாக அறியலாம்.

முன்சக்கரத்தை ஜாக்கியால் தூக்கி, டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்ட வேண்டும். ஆட்டம் தெரிந்தால், மற்றொருவர் பிரேக்கை மிதிக்க, மீண்டும் ஆட்ட வேண்டும். ஆட்டம் மறைந்தால் குறை வீல் பேரிங்கில் உள்ளது. மறையாவிட்டால் கிங் பின், ட்ரன்னியன் அல்லது அவற்றின் புஷ்களில் உள்ளது. டயரை இடமும் வலமும் பிடித்து ஆட்டினால் டை ராடு முனைகள், ரேக் ஆகியவற்றின் தேய்மானம் தெரியும். கீழ்க் கைக்கு அடியில் ஜாக்கி கொடுத்து, கடப்பாரையால் டயரை நெம்பிப் பார்த்தால் மரையின் ஆட்டம் புலப்படும். ரேக்கின் ரப்பர் உறை கிழிந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். கிழிந்தால் எண்ணெய் வெளியேறி மண் உள்ளே சேரும்.

மாற்றுதல்

டார்ஷன் பாரில் பெரும் விசை அடங்கியிருப்பதால், கீழ்க் கையை உறுதியாகத் தாங்கிப் பிடிக்காமல் எதையும் கழற்றக் கூடாது. கிங் பின்னையும் ட்ரன்னியனையும் சேர்த்தே மாற்றுவது நல்லது. தேய்ந்த மரையோடு புதிய மரை சரியாகப் பொருந்தாது. இடப்பக்கப் பாகமும் வலப்பக்கப் பாகமும் வேறு வேறானவை. ட்ரன்னியனை அடிவரை இறுக்கிவிடாமல், சக்கரம் இருபுறமும் முழுவதும் திரும்ப இடம் விட்டுப் பொருத்த வேண்டும். டை ராடு முனையை மாற்றும்போது பழையது எத்தனை சுற்றில் கழன்றது என எண்ணி வைத்து, புதியதை அதே அளவு திருக வேண்டும். இறுதியில் வீல் அலைன்மெண்ட் பார்ப்பது கட்டாயம்.

சட்டமும் சோதனையும்

பிரிட்டனில் 1960இல் தொடங்கிய எம்.ஓ.டி. எனும் வாகனச் சோதனையில் பிரேக், விளக்கு, ஸ்டீயரிங் ஆகிய மூன்றும் இடம்பெற்றன. முதலில் 10 ஆண்டுக்கு மேற்பட்ட வாகனங்களுக்கு மட்டும் இருந்த இச்சோதனை, 1967இல் 3 ஆண்டு வாகனங்களுக்கும் விரிந்தது. தேய்ந்த ட்ரன்னியன்கள் பல இச்சோதனையால்தான் வெளிப்பட்டன. ஆனால் 2018 முதல், பெரிய மாற்றம் செய்யப்படாத 40 ஆண்டு கடந்த கார்களுக்கு இச்சோதனை கட்டாயமில்லை. எஞ்சியுள்ள மைனர்கள் பெரும்பாலும் இவ்விலக்கில் அடங்குவதால், பரிசோதிக்கும் பொறுப்பு இப்போது உரிமையாளரின் கைக்கு வந்துவிட்டது.

இலங்கையில்

இலங்கையில் மோரிஸ் மைனர் வெகுவாகப் பழகிய கார். புதிய கார்களின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்ட காலத்தில் உள்ளூர்ப் பட்டறைகளே இவற்றை ஓட வைத்தன. பின்னர் 1990களில், இங்கிலாந்தின் பாத் நகரில் மோரிஸ் மைனர் மையம் நடத்திய சார்ல்ஸ் வேரின் முயற்சியால், இந்தக் காரின் உதிரிப் பாகங்கள் இலங்கையில் செய்யப்பட்டு பிரிட்டனுக்கு அனுப்பப்பட்டன. முறையாகப் பழுதுபார்த்தால் ஒரு கார் பல தலைமுறை ஓடும் என்பது அவருடைய வாதம். மைனரைப் பொறுத்தவரை அந்த ஆயுள், உரிய காலத்தில் விடப்படும் சிறிதளவு கிரீஸைப் பெரிதும் சார்ந்திருக்கிறது.