கொல்லிமலை ரோடும் சந்திரயான் போன வழியும்

காரவள்ளியில ஆரம்பிச்சு சோளக்காடு போய்ச் சேர்றதுக்குள்ள 70 கொண்டை ஊசி வளைவு. கொல்லிமலை ஏறினவங்களுக்குத் தெரியும், ஒவ்வொரு வளைவுக்கும் நம்பர் போட்டு போர்டு வச்சிருப்பாங்க. அடிவாரத்துல இருந்து நேரா மேல ரோடு போட்டா தூரம் குறையும்தான். ஆனா எந்த பஸ்ஸும் ஏறாது. என்ஜினுக்கு அவ்வளவு இழுவை கிடையாது. அதனால வளைச்சு வளைச்சு, கொஞ்சம் கொஞ்சமா உயரத்தைச் சேர்த்துக்கறோம்.

2008-ல சந்திரயான்-1 நிலாவுக்குப் போனதும் கிட்டத்தட்ட இதே கதைதாங்க.

1969 ஜூலை 16 கிளம்பின அப்பல்லோ 11, 19-ம் தேதியே நிலாவைச் சுத்த ஆரம்பிச்சிடுச்சு. சந்திரயான்-1 கிளம்பினது 2008 அக்டோபர் 22. போய்ச் சேர்ந்தது நவம்பர் 8. மொத்தம் 17 நாள்! "நம்மாளுங்க ஏன் இவ்வளவு மெதுவா?"ன்னு நக்கலடிக்கறவங்க இன்னிக்கும் இருக்காங்க. பதில் ராக்கெட்டுல இருக்கு. அப்பல்லோவைத் தூக்கின சாட்டர்ன் 5 எடை சுமார் 2,900 டன். நம்ம பி.எஸ்.எல்.வி. சுமார் 320 டன்.

சரி, சுத்தறதுன்னா என்ன? நிலா சும்மா விட்டா நேர்கோட்டுல ஓடிடும். அந்தக் கோட்டுல இருந்து ஒவ்வொரு நொடியும் சுமார் 1.4 மில்லிமீட்டர் பூமி பக்கம் விழுது. அதே நொடியில பக்கவாட்டுல 1 கிலோமீட்டர் ஓடிடுது. ஆக, விழுந்துகிட்டே இருக்கு, ஆனா தரையைத் தொடறதே இல்லை. மனுசன் விட்ட செயற்கைக்கோளுக்கும் இதே கணக்குதான்.

ராக்கெட் விட்டுட்டுப் போனப்ப சந்திரயான்-1 பாதை ஒரு நீள்வட்டம். பூமிக்குக் கிட்ட 255 கி.மீ., தூரத்துல 22,860 கி.மீ. கிட்ட வரும்போதுதான் வேகம் உச்சத்துல இருக்கும். அந்த நேரம் பார்த்து என்ஜினைக் கொஞ்ச நேரம் எரிச்சா, குறைஞ்ச எரிபொருள்லயே எதிர்ப்பக்க முனை நல்லா தள்ளிப் போயிடும். என்ஜின் ஒண்ணும் பெருசில்ல, 440 நியூட்டன். தரையில 45 கிலோ மூட்டையைத் தாங்கற பலம், அவ்வளவுதான்!

அதை வச்சே அஞ்சு தடவை எரிச்சாங்க. தூர முனை 37,900 கி.மீ., 74,715, 1,64,600, 2,67,000, கடைசியா 3,80,000. அஞ்சே அஞ்சு கொண்டை ஊசி வளைவு :-)

நவம்பர் 8-ல நடந்தது இதுக்கு நேர் எதிர். என்ஜினை 817 நொடி எரிச்சு பிரேக் போட்டாங்க. போடலைன்னா நிலாவைத் தாண்டிப் போயிருக்கும். 12-ம் தேதி நிலாவுக்கு மேல 100 கி.மீ. உயரத்துல சுத்த ஆரம்பிச்சாச்சு. திட்ட இயக்குநர், பொள்ளாச்சி பக்கத்துல கோதவாடியில பிறந்த மயில்சாமி அண்ணாதுரை. மொத்தச் செலவு சுமார் 386 கோடி.

2009 ஆகஸ்ட் 29-ல தொடர்பு அறுந்து போச்சு. அதோட முடிஞ்சதுன்னுதான் எல்லாரும் நினைச்சாங்க. 2017 மார்ச்சுல நாசா ஒரு சேதி சொன்னாங்க: ரேடார் அடிச்சுத் தேடினதுல சந்திரயான்-1 கிடைச்சிடுச்சு, நிலாவுக்கு மேல சுமார் 200 கி.மீ. உயரத்துல இன்னும் சுத்திகிட்டிருக்கு! ரேடியோ இல்லை, என்ஜின் இல்லை. ஆனா வேகம் இருக்கு, அங்க அதைத் தடுக்கக் காத்து இல்லை.

2023-ல நிலாவுல இறங்கின சந்திரயான்-3-ம் பூமியை இப்படிச் சுத்திச் சுத்தித்தான் போச்சு. ஜூலை 14 கிளம்பி ஆகஸ்ட் 23 இறங்குச்சு. இதைத் தாமதம்னு சொல்றவங்களை ஒரு தடவை சோளக்காடு பஸ்ல ஏத்தி விடணும்.