பச்சை ஹைட்ராவும் பழுப்பு ஹைட்ராவும்

ஹாலந்து தேசத்து ஹேக் நகரருகே, பிரபு ஒருவரின் புதல்வர்களுக்கு ஆசிரியராயிருந்தவர் ஆபிரகாம் டிரெம்ப்ளே. 1740ஆம் ஆண்டில் அவர் நன்னீரில் பச்சைநிறச் சிற்றுயிர் ஒன்றைக் கண்டார். அது தாவரமோ, பிராணியோ? வெட்டினால் தழைப்பது தாவரம், மடிவது பிராணி என்று கருதி, நவம்பர் மாதத்தில் அதனை இரண்டாகத் துண்டித்தார். இரு துண்டுகளும் முழு உயிர்களாயின! ஆயினும் அது இடம் பெயர்ந்தது. கரங்களை நீட்டி இரை பிடித்தது. பின்னர்க் கிடைத்த பழுப்பு ஹைட்ராவும் வெட்டுண்டு அவ்வாறே வளர்ந்தது. பசுமை, உடலினுள் குடியிருக்கும் நுண்பாசியின் நிறமே எனப் பிற்காலத்தார் கண்டனர். பழுப்பினத்தில் பொதுவாக அப்பாசி இல்லை. நிறம் வேறாயினும் இரண்டும் பிராணிகளே. வெட்டுண்டும் தழைக்கும் ஆற்றல் தாவரத்திற்கே உரியதன்று என்பதை அறிஞருலகுக்கு உணர்த்தியவை இச்சிற்றுயிர்களே.