பிசிஓஎஸ் இருந்தால் கருமுட்டை தரம் குறையுமா? மரபணு சோதனை எதைச் சொல்லும், எதைச் சொல்லாது?

பீரியட்ஸ் தள்ளிப் போகுது, ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'நீர்க்கட்டி' என்று எழுதியிருக்கு. குழந்தைக்குக் காத்திருக்கும் பெண்ணுக்கு அடுத்து வரும் பயம், "என் முட்டை நல்லா இருக்குமா?" என்பதுதான். மரபணு சோதனை எடுத்தால் தெரிந்துவிடுமா என்ற கேள்வியும் இப்போது அதோடு சேர்ந்துகொண்டது. பிசிஓஎஸ் உள்ளவருக்கு முட்டையின் தரத்தைச் சொல்லிவிடும் ரத்த மரபணு சோதனை இன்றைக்கு இல்லை.

அது கட்டியே இல்லை

ஸ்கேனில் தெரிபவை, பெரும்பாலும் 2 முதல் 9 மில்லிமீட்டர் அளவில் வளர்ச்சி நின்றுபோன முட்டைப்பைகள். முட்டைக்குப் பஞ்சமில்லை, மாதாமாதம் ஒன்று முழுசா வளர்ந்து வெளியே வருவதில்தான் சிக்கல். பலர் குழம்புவது ஏஎம்ஹெச் சோதனையில். அது முட்டைகளின் எண்ணிக்கையை ஓரளவு காட்டும், தரத்தைக் காட்டாது. பிசிஓஎஸ் இருந்தால் அது பொதுவாகக் கூடுதலாகவே இருக்கும்.

மரபணுவுக்குப் பங்கு உண்டா?

உண்டு. நெதர்லாந்து இரட்டையர்களிடம் நடந்த ஆய்வு ஒன்று, பிசிஓஎஸ் வருவதில் பரம்பரையின் பங்கு சுமார் 70 சதவீதம் என 2006-ல் மதிப்பிட்டது. 2011-ல் சீனப் பெண்களிடம் எல்ஹெச்சிஜிஆர், டிஹெச்ஏடிஏ, டிஇஎன்என்டி1ஏ ஆகிய மரபணுக்களை ஒட்டிய பகுதிகள் அடையாளம் காணப்பட்டன. 2018-ல் ஐரோப்பிய வம்சாவளியினரில் 10,000-க்கும் அதிகமான பிசிஓஎஸ் பெண்களை வைத்து நடந்த ஆய்வு 14 இடங்களைக் காட்டியது.

ஆனால் இவை சொல்வது பிசிஓஎஸ் வரும் வாய்ப்பை மட்டும்தான். உதாரணமாக டிஇஎன்என்டி1ஏ, சினைப்பையில் ஆண் ஹார்மோன் கூடுவதோடு தொடர்புடையது.

கீழவாஞ்சூரில் ஒரு பெண் 22 வயதில் ரத்தம் கொடுத்து இந்தச் சோதனையைச் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 40 வயதில் மறுபடி செய்தாலும் அதே ரிசல்ட்தான் வரும், பிறவி டிஎன்ஏ மாறாதே! முட்டையின் தரமோ இந்த 18 வருஷத்தில் நிச்சயம் மாறியிருக்கும். அதைத் தீர்மானிப்பதில் வயதுக்குத்தான் பெரிய பங்கு.

அப்போ விஞ்ஞானிகள் எங்கே தேடுகிறார்கள்?

முட்டையைச் சுற்றி ஒட்டியிருக்கும் செல்களில். அவைதான் முட்டைக்குத் தீனி போடுபவை. ஹெச்ஏஎஸ்2, பிடிஜிஎஸ்2, ஜிஆர்இஎம்1 ஆகிய மரபணுக்கள் அந்தச் செல்களில் எவ்வளவு வேலை செய்கின்றன என்பது கருவின் வளர்ச்சியோடு தொடர்புள்ளதாக 2004-லேயே ஆய்வு வந்தது. மும்பையில் உள்ள ஐசிஎம்ஆரின் இனப்பெருக்க, குழந்தைகள் நல ஆராய்ச்சி நிறுவனமும் பிசிஓஎஸ் பெண்களின் இத்தகைய செல்களில், மரபணுவை அடக்கியும் தூண்டியும் விடும் ரசாயன அடையாளங்கள் மாறியிருப்பதை ஆராய்ந்துள்ளது. இந்த அடையாளங்கள் பிறவி டிஎன்ஏ போல அப்படியே நிற்பவை அல்ல. இந்தச் செல்கள் கிடைக்க, ஐவிஎஃப்-க்காக ஊசி போட்டு முட்டையை வெளியே எடுத்தாக வேண்டும். அதனால் இது இன்னும் ஆய்வுக்கூட விஷயம்தான்.

ஒரு விதிவிலக்கு உண்டு. ஐவிஎஃப்-ல் திரும்பத் திரும்ப முதிராத முட்டைகள் மட்டுமே வந்தால், டியுபிபி8 போன்ற மரபணுக்களில் பிழை இருக்கிறதா என்று டாக்டர் பார்க்கச் சொல்லலாம். அது அரிது, பிசிஓஎஸ்-ஸும் அல்ல.

இப்போது என்ன செய்யலாம்?

பிசிஓஎஸ் பெண்களுக்கு ஐவிஎஃப்-ல் முட்டைகள் அதிகம் கிடைக்கும், கருவாகும் விகிதம் சற்றுக் குறையலாம். கர்ப்பமாகும் வாய்ப்பு மற்றவர்களுக்கு நிகராகவே இருப்பதாக ஆய்வுகளின் தொகுப்பு சொல்கிறது. பலருக்கு ஐவிஎஃப் வரை போகவே தேவையில்லை. முட்டை வெளியாக, 2023-ன் சர்வதேச வழிகாட்டுதல் முதலில் பரிந்துரைப்பது லெட்ரோசோல் மாத்திரையை (டாக்டர் சீட்டு இல்லாமல் எடுக்கக் கூடாது). மரபணு சோதனைக்குச் செலவழிக்கும் முன் தைராய்டு, சர்க்கரை பார்த்தாச்சா, கணவருக்கு விந்தணு சோதனை எடுத்தாச்சா என்று டாக்டரிடம் கேளுங்கள். கடைசியாகச் சொன்னதைத்தான் பல வீடுகளில் தள்ளிப் போடுகிறார்கள்.