மருத்துவ வழிகாட்டு நெறிமுறைகளில் நோயாளிகளின் பங்கு

எந்த நோய்க்கு எந்தச் சிகிச்சையை, எப்போது தரலாம் என்று மருத்துவர்களுக்குப் பரிந்துரைக்கும் நெறிமுறைகளை வகுக்கையில், அந்நோயால் அவதிப்படுவோரையும் அவர்களைப் பராமரிப்போரையும் சேர்த்துக்கொள்ளும் முறை. நெறிமுறை எழுதுவது நெடுங்காலம் வல்லுநர்களின் வேலையாகவே இருந்தது.

முடிவெடுக்கும் எல்லா மட்டங்களிலும் தங்களுக்கு இடம் வேண்டும் என்று 1983இல் அமெரிக்காவின் டென்வர் நகரில் எய்ட்ஸ் நோயாளிகள் வெளியிட்ட அறிக்கை இதற்கு முன்னோடி. இங்கிலாந்தில் 1999இல் தொடங்கப்பட்ட 'நைஸ்' நிறுவனம் தன் நெறிமுறைக் குழுக்களில் நோயாளிகளையும் பொதுமக்களையும் உறுப்பினர்களாக அமர்த்தியது. நெறிமுறைகளின் தரத்தை மதிப்பிட 2003இல் வந்த 'அக்ரீ' கருவி, நோயாளிகளின் கருத்து கேட்கப்பட்டதா என்பதையும் ஓர் அளவுகோலாக்கியது.

அவர்கள் வந்து என்ன மாறியது? முடக்குவாத ஆய்வுகளில் எதை அளப்பது என்று தீர்மானிக்கும் 'ஓமெராக்ட்' அமைப்பு 2002இல் நோயாளிகளை முதன்முறையாக அழைத்தது. மருத்துவர்கள் மூட்டு வீக்கத்தையும் வலியையும் எண்ணிக்கொண்டிருக்க, தங்களை முடக்கிப்போடுவது அசதிதான் என்றார்கள் வந்தவர்கள். பிற்பாடு அசதியும் அளவீடுகளில் சேர்ந்தது.

பெரிய மோதல் நாட்பட்ட களைப்பு நோயில் வெடித்தது. உடற்பயிற்சியைப் படிப்படியாகக் கூட்டும் சிகிச்சையை 2007இல் நைஸ் பரிந்துரைத்திருந்தது. அதனால் தங்கள் நிலை மோசமாகிறது என்று நோயாளிகள் ஆண்டுக்கணக்கில் முறையிட்டனர். நோயாளிகளும் இடம்பெற்ற புதிய குழு, ஆய்வுச் சான்றுகளை மறுபடி அலசி, அவற்றின் தரம் தாழ்ந்தது என்று கணித்தது. மருத்துவ அமைப்புகள் சில எதிர்த்ததால் 2021 ஆகஸ்டில் கடைசி நேரத்தில் வெளியீடு நின்றது. அக்டோபரில்தான் நெறிமுறை வெளிவந்தது. பழைய பயிற்சி முறை அதில் விலக்கப்பட்டது. சான்றையும் அனுபவத்தையும் எதிரெதிராக நிறுத்தி இதைப் பேசுவோர் உண்டு. அது பாதி உண்மைதான். சான்றைத் திரும்பப் படிக்கத் தூண்டியதில் நோயாளிகளின் முறையீட்டுக்கும் பங்கிருந்தது.

குறைகளும் உண்டு. வல்லுநர்கள் நிறைந்த அறையில் ஓரிரு நோயாளிகள் துறைமொழி புரியாமல் வாயடைத்துப்போவது வழக்கம். மருந்து நிறுவனங்களிடம் நிதி பெறும் நோயாளி சங்கங்கள் யார் பக்கம் பேசுகின்றன என்ற ஐயமும் எழுகிறது. முதல் குறைக்கு ஒரு மாற்றாக, அமெரிக்க வாதவியல் கல்லூரியின் 2015ஆம் ஆண்டு முடக்குவாத நெறிமுறையையொட்டி நோயாளிகள் மட்டுமே கொண்ட தனிக்குழு கூட்டப்பட்டு, மருத்துவர் குழுவிடம் கேட்ட அதே கேள்விகள் அதனிடமும் கேட்கப்பட்டன. பெரும்பாலானவற்றில் இரண்டும் ஒத்துப்போயின. வேறுபட்ட இடங்களில் சிகிச்சையின் நன்மையையும் கேட்டையும் இரு குழுக்களும் வெவ்வேறாக எடைபோட்டிருந்தன.